டிசம்பர்க் கூலி எந்த வருஷத்துக் கூலி

வருஷக் கடைசிப் பத்து நாட்களில் ஊரே மீன் வாடை அடிக்கும். ஷிகெனோவின் கைகளில் மட்டும் சோப்பு வாசனை வீசும். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்ததில்லை. கடைத்தெருவில் தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்தால் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

தொயாமா கடற்கரையில், மீன்பிடித் துறையை ஒட்டி ஒரு கமாபோகோ பட்டறை இருந்தது. மீன் சதையை உப்பிட்டு அரைத்து, பசையாக்கி, கடற்பாசி இலையில் பாய்போலச் சுருட்டி ஆவியில் வேகவைப்பார்கள். கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் அதே பசையில் சிவப்புச் சங்கரா மீன் உருவம் பிடித்து, செதிலும் கண்ணும் வரைந்து அழகு பண்ணுவார்கள். ஷிகெனோ அங்கே பதினோரு வருஷமாகப் பகுதிநேர வேலை பார்த்தாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரே மகன் ஒசாகாவுக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் புருஷன் தொகுஜியும்தான். அவர் அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார்.

அவளுடைய நாள் புத்தர் மாடத்தில்தான் தொடங்கும். பொங்கிய சோற்றில் முதல் கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, கைகூப்பி, "நமு அமிதா புட்சு" என்பாள். வேலை செய்யும்போதும் அந்த அமிதா புத்தரின் நாமம் அவள் உதட்டில் அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் அவள் ஏதோ எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். எண்ணுவது அவளுக்குக் கொஞ்சமும் வராது.

எண்ண வேண்டிய விஷயம் ஒன்று மட்டும் அவள் தலையில் இருந்தது. ஊரில் அதைச் 'சுவர்' என்பார்கள். பெண்சாதி வருஷத்தில் வாங்கும் கூலி பத்து லட்சத்து முப்பதாயிரம் யென்னைத் தாண்டாதவரை அவள் புருஷனை அண்டியிருப்பவள். அவனுக்கு வரி குறையும், அவன் கம்பெனி குடும்பப்படியும் கொடுக்கும். தாண்டிவிட்டால் அந்த வருஷம் கொடுத்த படி முழுவதையும் கம்பெனி திருப்பிக் கேட்கும். அதனால் சுவர் கிட்டே வர வர, வீட்டுக்காரர் உள்ள பெண்கள் எல்லோரும் டிசம்பர் நடுவில் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார்கள். பட்டறைக்கோ அதுதான் உயிர் போகிற சமயம். புத்தாண்டுக்குக் கமாபோகோ இல்லாத சாப்பாட்டுத் தட்டு அந்த ஊரில் கிடையாது. மிச்சம் நின்று மாரடிப்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்களும் விதவைகளும்தான்.

அப்படி நின்றவள் ஹிசயோ. சங்கரா மீனுக்குச் செதில் வரைபவள், அறுபது வயது, வாய் கொஞ்சம் நீளம். வருஷா வருஷம் ஷிகெனோ விடை பெற்றுக்கொள்ளப் போனால், தலையை நிமிர்த்தாமலே, "போயிட்டு வாங்க மகாராணி. புருஷன் சுவரு இடிஞ்சு விழுந்துடப் போவுது, தாங்கிப் பிடிச்சுக்கங்க" என்பாள். அதில் கோபம் இருக்காது. அதனாலேயே ஷிகெனோவுக்கு அது அதிகமாகக் குத்தும்.

அந்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில், கடல் பக்கம் குளிர்கால இடி இடித்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு அறையில் ஹிசயோ வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, பல்லு வலியா?" என்று ஷிகெனோ கேட்டாள்.

"பல்லு வலின்னா புடுங்கிப் போட்டுட்டு வந்துடுவேனே." ஹிசயோ சோற்று உருண்டையைக் கீழே வைத்தாள். "நகோயால இருக்குற எம் மவளுக்கு மாசக் கடைசியில பிரசவம். முன்னால ஒண்ணு வயித்துலயே போயிடுச்சுல்ல. இப்ப போன் பண்ணி 'அம்மா, பயமா இருக்கு'ங்குறா. மாப்பிள்ளை லாரி ஓட்டுறவன். வருஷக் கடைசியில அவன் வீட்டுல எங்க தங்கப்போறான்? மேஸ்திரிகிட்ட லீவு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"செதில் வரைய ஆள நிறுத்திட்டுப் போன்னாரு. எங்கேருந்து நிறுத்துறது? மகாராணிங்க எல்லாம் அரண்மனைக்குப் போயிடுவீங்களே."

ஹிசயோவுக்கு அடுத்தபடியாகச் செதில் வரையத் தெரிந்தவள் ஷிகெனோ ஒருத்திதான். அவள் வாயிலிருந்து யோசனைக்கு முன்னால் வார்த்தை வந்துவிட்டது. "நான் நிக்கிறேன்க்கா. நீங்க போங்க."

ஹிசயோ அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பஸ்ஸுக்குச் சொல்லி வச்சுடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லி வையுங்க."

ராத்திரி முள்ளங்கிக் குழம்பை ஊற்றும்போதுதான் ஷிகெனோவுக்குச் சுவர் நினைவுக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னாள். தொகுஜி குழம்பை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"உனக்கு என்ன கிறுக்கா? டிசம்பர் முழுக்க நின்னா சுவர் போயிடும். படியை எல்லாம் திருப்பிக் கேப்பான்."

"வாக்கு குடுத்துட்டேங்க."

"யாரக் கேட்டுக் குடுத்த? டிசம்பர்ல உழைச்சா டிசம்பர்க் கூலி. இந்த வருஷக் கணக்குல ஏறும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"ஆனா…" ஷிகெனோ கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். "டிசம்பர்க் கூலிய ஜனவரி பத்தாந்தேதிதானங்க தர்றாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருஷமாக வருகிற பணம்தான். அது எந்தத் தேதியில் வருகிறது என்பதை அவர்கள் யோசித்ததே இல்லை.

"ஜனவரில வந்தா என்ன?" தொகுஜியின் குரலில் பழைய உறுதி இல்லை. "உறை மேல என்ன போட்டிருக்கு? பன்னிரண்டாம் மாசக் கூலின்னுதானே? அப்ப அது பன்னிரண்டாம் மாசத்துது."

"ஆமாங்க. ஆனா வர்றது ஒண்ணாம் மாசம்."

"உழைச்சது எப்ப?"

"பன்னிரண்டுல."

"அவ்ளோதான், முடிஞ்சுது."

"செலவழிக்கிறது ஒண்ணுல."

"என்னைக் கொழப்பாத!" என்று அவர் தட்டை நகர்த்தினார்.

அன்று முதல் ஷிகெனோ நிம்மதியாக இல்லை. மாடத்தின் முன் கைகூப்பினால் நாமத்துக்குப் பதில் பன்னிரண்டும் ஒன்றும்தான் வந்து நின்றன. முடிவெட்டும் கடையில் கேட்டாள். "உழைச்ச வருஷந்தாங்க. வேர்வை எப்பவோ கூலி அப்ப" என்று அந்த அம்மா கத்தரியை ஆட்டிச் சொன்னாள். வெந்நீர்க் குளியல் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபால்காரர் மனைவி, "பணம் வந்தாத்தானே பணம்? வராதது எப்படிக் கணக்காகும்?" என்றாள். இரண்டும் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைக் கேட்கும்போது மற்றது தப்பாகத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் திரும்பவும் புரண்டுவிடும்.

கோயிலில் மாதர் கூட்டம் முடிந்து, செம்பயறும் முள்ளங்கியும் வேகவைத்த சாப்பாடும் முடிந்து, பாத்திரம் கழுவும்போது கோயில் குருவிடமே கேட்டுவிட்டாள்.

அவர் ஒரு கிண்ணத்தைத் துடைத்து அடுக்கினார். "வருஷக் கடைசி ராத்திரி நாம நூத்தெட்டு மணி அடிக்கிறோமே அம்மா. பாதி மணி பழைய வருஷத்துல, பாதி மணி புது வருஷத்துல. கேக்குற காதுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"தெரியலைங்க."

"ஹ்ம். அதான்" என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைக்கப் போய்விட்டார். ஷிகெனோ ஈரக் கையோடு நின்றாள். நல்ல வார்த்தை என்று மனசுக்குப் பட்டது. ஆனால் தொகுஜியிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் பட்டறைக் கணக்கர் ஓகிநோவிடம் போனாள். முதலிலேயே போயிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையில் யாருக்கும் நாக்கு எழாது. காலடியில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூலி குடுக்கணும்னு வச்சிருக்கிற நாள் எதுவோ, அதுதாம்மா கணக்கு" என்றார். "நம்ம பட்டறையில டிசம்பர் வேலைக்கு ஜனவரி பத்து. அதனால அது அடுத்த வருஷத்துது."

"உறை மேல பன்னிரண்டாம் மாசம்னு…"

"அது எந்த மாச வேலைன்னு தெரியறதுக்குப் போட்டது. வரிக்காரனுக்கு அது வேண்டாம்."

"அப்ப நான் இந்த டிசம்பர் முழுக்க நின்னா?"

"இந்த வருஷச் சுவருக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷக் கணக்கு கொஞ்சம் கனமா ஆரம்பிக்கும். வெயில் காலத்துல வேலை மந்தமா இருக்குமே, அப்ப வீட்ல இருந்துக்கங்க."

ஷிகெனோ அடுப்பின் நீலச் சுடரையே பார்த்தாள். மெதுவாக ஏதோ ஒன்று அவளுக்குள் இறங்கியது. "அப்ப… இத்தனை வருஷமா நான் டிசம்பர்ல வீட்ல உக்காந்தது எதுக்குங்க?"

"அது ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷத்துல போய்க் குறைஞ்சிருக்கும்."

"சுவரைத் தாண்டாம இருந்ததுக்கு அது காரணமில்லையா?"

"காரணந்தான். ஆனா எப்ப வேணா குறைச்சிருக்கலாம். டிசம்பர்லதான்னு கட்டாயமில்ல."

"நீங்க சொல்லவே இல்லியே ஐயா."

"யாரும் கேக்கவே இல்லியே அம்மா" என்றார் ஓகிநோ. அவருக்கும் அது கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தொகுஜி நம்பவில்லை. தன் கம்பெனியில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் வந்து, செருப்பைக் கழற்றும் இடத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "அவங்களும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். பிறகு தானாகவே, "போய் நில்லு. ஆனா அடுத்த வருஷம் வெயில்ல நீ வீட்ல இருக்கணும்" என்றார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் சமையல் கட்டில் நின்று, ஹிசயோ தனியாகச் செதில் வரைந்த டிசம்பர்களை நினைத்தபோது, அது யார் கணக்கில் எழுத வேண்டிய கடன் என்று தெரியவில்லை. அமிதாவின் பேரைச் சொல்லிக்கொண்டாள்.

பஸ் டிக்கெட் வந்துவிட்டது. ஹிசயோ நகோயாவுக்குக் கொண்டுபோகப் பெட்டி கட்டினாள். மேஸ்திரி தலையாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் முதலாளிக்குத் தர்ம சிந்தனை வந்தது.

ஒரு நாள் காலை வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திவைத்து, சுவரில் ஒரு அறிவிப்பை ஒட்டினார். குள்ளமான மனிதர், எப்போதும் ரப்பர் பூட்ஸ். "இந்த வருஷம் ஆர்டர் நல்லா வந்திருக்கு. எல்லாம் உங்க கை. அதனால டிசம்பர்க் கூலிய ஜனவரி வரைக்கும் இழுக்கப்போறதில்ல. சம்பள நாளையே மாத்தியாச்சு. இருபத்தெட்டாந்தேதி கையில குடுத்துடுவோம். புத்தாண்டுக்கு நல்லாச் சாப்பிடுங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஷிகெனோவும் தட்டினாள். இரண்டாவது தடவை தட்டப்போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. கொடுக்க வேண்டிய நாள் எதுவோ அதுதான் கணக்கு என்றாரே ஓகிநோ ஐயா. கொடுக்கிற நாள் டிசம்பருக்கு வந்துவிட்டால்?

பக்கத்தில் ஹிசயோ, "பாத்தியா, நகோயாவுக்கு வெறுங்கையோட போக வேணாம்" என்று அவள் தோளை இடித்தாள். ஷிகெனோவால் சிரிக்க முடியவில்லை. இப்போது நின்றால் சுவர் போகும். நிற்கவில்லை என்றால் ஹிசயோ போக முடியாது. ஒரு நல்ல காரியம் செய்ய இன்னொரு நல்ல காரியம் வந்து குறுக்கே படுத்திருக்கிறது. இதில் யாரை நொந்துகொள்வது?

மத்தியானம் கணக்கறைக்குப் போனாள். பல் பிடுங்கப் போயிருந்த ஓகிநோ அப்போதுதான் வீங்கிய கன்னத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அறிவிப்பை இன்னும் பார்க்கவில்லை. அவள் சொன்னதும் எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது வீங்காத கன்னமும் வெளுத்திருந்தது.

"போன டிசம்பர்க் கூலி இந்த ஜனவரில குடுத்தது. அது இந்த வருஷத்துல இருக்கு. இந்த டிசம்பர்க் கூலியும் இப்ப இந்த வருஷத்துலயே விழுந்தா…" விரலை மடக்கினார். "ஒரே வருஷத்துல பதிமூணு கூலி. நீங்க மட்டும் இல்லம்மா. வீட்டுல உக்காரப்போற மத்த பெண்டுகளும் சுவரைத் தாண்டிடுவாங்க."

"வீட்ல இருந்துமா தாண்டுவாங்க?"

"வீட்ல இருந்தே."

ஷிகெனோ மேஜைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "முதலாளிகிட்ட சொல்லுங்க ஐயா."

"நானா? ஜனங்களுக்கு ஒரு நல்லது பண்ண விடமாட்டேங்குறியேன்னு என்னையக் கொதறிடுவாரு. நீங்களும் வாங்க. உங்க மூஞ்சப் பாத்தா அவருக்குக் கோவம் வராது."

முதலாளி ஆவிக்கூடத்தில் வெந்த சுருளை வெட்டி ருசி பார்த்துக்கொண்டிருந்தார். ஓகிநோ பல்வலி நினைவு வந்தவர்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றுவிட்டார். ஷிகெனோ தலை குனிந்தாள்.

"முதலாளி, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கூலி… எங்களுக்கு வேண்டாங்க."

"என்னது?"

"வேணுங்க. ஆனா இப்ப வேண்டாம். ஜனவரியிலயே குடுங்க."

முதலாளியின் வாயில் கமாபோகோ துண்டு அப்படியே நின்றது. "முன்கூட்டிக் குடுங்கன்னு கால்ல விழுந்தவங்களப் பாத்திருக்கேன். பின்னாடி குடுன்னு கேக்க வர்றவள இன்னிக்குத்தான் பாக்குறேன். என் பணம் என்ன, மீனு மாதிரி கெட்டுப்போச்சா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. நீங்க புண்ணியத்துக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அந்தப் புண்ணியம் இந்த வருஷத்துல விழுந்துடுதுங்க."

"எதுல விழுந்துடுது? ஓகிநோ! இந்தம்மா என்ன சொல்லுது?"

ஓகிநோ கன்னத்தை விடாமலே எடுத்துச் சொன்னார். முதலாளி இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை, "அப்ப நான் கூலியே குடுக்காம விட்டாத்தான் எல்லாரும் பொழைப்பாங்களா?" என்று கத்தினார். அதற்குள் சத்தம் கேட்டுப் பெண்கள் கதவருகே கூடிவிட்டார்கள். விஷயம் வாய்க்கு வாய் போயிற்று. யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் 'சுவர்' என்ற சொல் காதில் விழுந்ததுமே, "எனக்கும் வேணாம்" என்று ஒருத்தி சொன்னாள். "எனக்கும் ஜனவரியே போதும்" என்றாள் இன்னொருத்தி. முதலாளி தன் பட்டறையில் தன் பணத்தை எல்லோரும் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று நிற்பதைப் பூட்ஸ் காலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஹிசயோவின் குரல் வந்தது. "எனக்கு வேணும். புருஷனும் இல்ல, சுவரும் இல்ல. எனக்கு எந்த வருஷத்துல விழுந்தாலும் சரிதான்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு முதலாளியே முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஷிகெனோவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அறிவிப்பு கிழிக்கப்பட்டது. சம்பள நாள் பழையபடி ஜனவரி பத்தே ஆனது. ஹிசயோவுக்கு மட்டும், அவள் கேட்டதால், முதலாளி முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்தார். கை சும்மா இருக்கவில்லை அவருக்கு. அன்று துறையில் இறங்கிய கொழுத்த மஞ்சள்வால் மீனை வாங்கி வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்ட ஒருத்தி, "முதலாளி, இது எந்த வருஷம்?" என்று கேட்டாள். "சாப்பிட்டுட்டுப் போடி!" என்றார் அவர்.

ஹிசயோ பனி கொட்டும் காலையில் பஸ் ஏறினாள். கையில் பெரிய சங்கரா மீன் கமாபோகோ ஒன்று, அவளே வரைந்தது. ஏறும்போது ஷிகெனோவின் பக்கம் திரும்பி, "கண்ணு வரையறப்ப மூச்ச நிறுத்து. இல்லன்னா மீனு மாறுகண்ணு ஆயிடும், மகாராணி" என்றாள்.

சில மீன்கள் மாறுகண்ணாகத்தான் போயின. மேஸ்திரி பார்த்தும் பார்க்காததுபோல் போனார். காலும் இடுப்பும் விட்டுப்போக, விரல் இடுக்கெல்லாம் சிவப்புச் சாயம் ஏற, ஷிகெனோ அந்த நாட்கள் முழுவதும் ஹிசயோவின் இடத்தில் நின்றாள். அந்த இடத்தில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதும், ஆவி நேராக முகத்தில் அடிக்கும் என்பதும் அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நாமம் சொன்னாள். நடு நடுவே, தான் வரைவது இந்த வருஷ மீனா, சாப்பிடப்போகும் வருஷத்து மீனா என்று ஒரு நினைப்பு வரும். விரட்டிவிடுவாள். மறுபடி வரும்.

புத்தாண்டுக் காலையில் மாடத்துக்குச் சோறு வைக்கப் போனவள் கைகளை மோந்து பார்த்தாள். எத்தனை தேய்த்தும் மீன் வாடை போகவில்லை. புத்தருக்கு முன்னால் இப்படிப் போகலாமா என்று தயங்கினாள். பிறகு, எல்லாவற்றையும் அறிந்தவருக்கு இது தெரியாதா என்று அப்படியே கைகூப்பினாள்.

அப்போது போன் அடித்தது.

"பொண்ணு!" ஹிசயோ அழுதுகொண்டே கத்தினாள். "பொண்ணு பொறந்துடுச்சுடி! அம்மாவும் நல்லா இருக்கா, பிள்ளையும் நல்லா இருக்கு. என் மூக்கு அப்படியே! பாவம் கொழந்த!"

ஷிகெனோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அக்கா… அக்கா…" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு தொகுஜியிடம் சொன்னாள். அவர் அரிசி அப்பம் போட்ட சூப்பை ஊதிக்கொண்டே, "நல்லது, நல்லது" என்றார். கொஞ்சம் கழித்து நிமிர்ந்தார்.

"எப்பப் பொறந்துச்சாம்? நேத்தா, இன்னிக்கா?"

"கேக்கலீங்களே."

"எந்த வருஷத்துக் கொழந்தன்னு கேக்க வேண்டாமா?"

ஷிகெனோ வாசலில் நின்று யோசித்தாள். கேட்டிருக்க வேண்டுமோ? அதற்கும் எங்காவது ஒரு சுவர் இருக்குமோ? தெரியவில்லை. திரும்பப் போய்ப் போனை எடுக்கவும் தோன்றவில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கினாள்.

தெருவில் முடிவெட்டும் கடை அம்மா எதிரே வந்து புத்தாண்டு வணக்கம் சொன்னாள். ஷிகெனோ பதிலுக்குக் குனிந்தபோது அவள் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்கு வெளியே இருந்தன.